பாதிக் கிணறு

1940இல் கும்பகோணத்திலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தான். அப்பா சாம்பசிவன் அறுவை மருத்துவர். மகனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோதே காலமாகிவிட்டார். மகனும் டாக்டராவான் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. மகாராஜா கல்லூரியில், அதாவது இன்று பாளையத்தில் நிற்கும் யூனிவர்சிட்டி காலேஜில், பையன் விலங்கியல் எடுத்தான். டாக்டர் படிப்புக்கு அது வாசற்படி. படித்துக்கொண்டிருக்கும்போதே, 1943இல், வங்காளத்தில் பஞ்சம் வந்தது. இருபதிலிருந்து முப்பது லட்சம் பேர்வரை மாண்டார்கள். 1944இல் விலங்கியல் பட்டம் கைக்கு வந்ததும் அவன் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகவில்லை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்கு மறுபடி முதலிலிருந்து சேர்ந்தான். படிப்பு மாறியது, பல்கலைக்கழகம் மாறியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தை விட்டுச் சென்னை மாகாணத்துக்குப் போனதால் ஆட்சியே மாறியது என்றும் சொல்லலாம்.

அந்தப் பையன் எம்.எஸ். சுவாமிநாதன் என்று சொன்ன மறுகணம் விசாரணை முடிந்துவிடுகிறது. பசுமைப் புரட்சி, உலக உணவுப் பரிசு, இறந்தபின் பாரத ரத்னா. இதற்கு மேல் அவர் படிப்பை மாற்றியது சரியா தவறா என்று யார் கேட்கப் போகிறார்கள்? கல்லூரி விழாக்களில் பேச வருகிறவர்கள் இந்த மாதிரிக் கதைகளை விரும்புவதற்குக் காரணமும் அதுதான். முடிவு தெரிந்த கதையில் நடுவில் தயங்க வேண்டியதில்லை. ஆனால் 1944இல் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டிய பத்தொன்பது வயதுக்காரருக்கு அந்த முடிவு தெரியாது. வீட்டாருக்கும் தெரியாது. அன்றைக்கு அது நல்ல முடிவா என்பதுதான் அறக் கேள்வி. இருபது வருஷம் கழித்து வயலில் என்ன விளைந்தது என்பது வேறு கணக்கு.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1976இல் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்தை விட்டுவிட்டுத் தாகித்தி தீவுக்கு ஓவியம் வரையப் போகும் ஒரு மனிதரை, பால் காகினின் சாயலில், அவர் கற்பனை செய்துகொள்கிறார். ஓவியம் கைகூடினால்தான் அந்த மனிதருடைய போக்குக்கு ஏதாவது நியாயம் கிடைக்கும். கைகூடாவிட்டால் வெறும் ஓடுகாலி. எது நடக்கும் என்று கிளம்பும் நாளில் அவருக்கே தெரியாது. இதை அறத்தின் அதிர்ஷ்டம் என்றார் வில்லியம்ஸ். அதிர்ஷ்டத்துக்கு அறத்தில் இடம் உண்டா என்ற சண்டை தத்துவத் துறைகளில் இன்னும் ஓயவில்லை. பத்தொன்பது வயதில் டி.சி. வாங்க நிற்கிற ஒருவருக்கு அந்தச் சண்டையால் பயனில்லை. பலனை வைத்து அவரை அளக்க முடியாது, பலன் இன்னும் வரவில்லை. அவர் கையில் அன்று இருப்பது மூன்று நான்கு விஷயங்கள்தான்: இதுவரை செலவானது யாருடைய பணம், யாருடைய காலம், இந்த இடம் தனக்குக் கிடைத்ததால் யாருக்குக் கிடைக்காமல் போனது, இவர்களில் யாருக்கெல்லாம் தான் போவது தெரியும்.

மனம் உண்மையிலேயே வேறு துறையில் ஈடுபட்டதா, இல்லை கஷ்டத்துக்குப் பயந்து ஓடுவதா என்ற கேள்வியைப் பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். கேட்கத் தக்கதுதான், பதில் கிடைக்காது. மூன்றாம் செமஸ்டரில் குவாண்டம் இயற்பியல் புரியாமல் போனதும், அதே மாதத்தில் வரலாற்றுப் புத்தகம் ஒன்று தூக்கத்தைக் கெடுத்ததும் ஒரே மனதில் நடக்கிறது. இதில் எது காரணம், எது சாக்கு என்று அந்த மனமே பிரித்துச் சொல்லாது. நோக்கம் தூய்மையாக இருந்தால்தான் விலகலாம் என்று ஒரு நிபந்தனை வைத்தால் யாரும் எதையும் விட முடியாது. அல்லது எல்லாரும் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவதுதான் நடக்கிறது.

வீடுகளில் இந்தப் பேச்சு எழும்போது தப்பாமல் வந்து விழுகிற சொல் ஒன்று உண்டு: பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தமிழில் இவ்வளவு கச்சிதமாக மிரட்டுகிற சொல் குறைவு. கிணற்றைத் தாண்டுகிறவன் நடுவில் நின்றால் விழுவான். ஆகவே தாவியது தாவியதுதான், அக்கரை போய்ச் சேர். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மூன்றாண்டுப் படிப்பு ஒரே தாவல் இல்லை, நடை. நடந்த தூரம் நடந்ததாகவே இருக்கும். பாதியில் திரும்பினால் யாரும் தண்ணீருக்குள் விழுவதில்லை. கடந்த இரண்டு வருஷத்தையும் கட்டிய ஃபீஸையும் காட்டி மீதி வருஷத்தையும் கேட்பது, சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க இன்னொரு கை ஆடச் சொல்வதைப் போன்றது. போனது போனதுதான். இனி வரும் வருஷங்களைப் பற்றித்தான் முடிவெடுக்க முடியும்.

இந்த நடையை அரசுகளும் இப்போது ஒப்புக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கொண்டுவந்த கல்விப் புள்ளி வங்கியில், ஓரிடத்தில் ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்து இன்னோரிடத்தில் பயன்படுத்தலாம். அவை அதிகபட்சம் 7 ஆண்டுவரை செல்லும். கேரளம் 2024 ஜூலை 1ஆம் தேதி தன் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 133 கிரெடிட் சேர்த்து மூன்றாண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம், 177 சேர்த்தால் நான்காம் ஆண்டில் ஆனர்ஸ். இரண்டாம் செமஸ்டர் முடிவில் மேஜர் பாடத்தை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் தவறாகத் தேர்ந்தெடுப்பது குற்றமில்லை என்று ஒரு அரசு எழுத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தில், மாறுகிறவர்களாலும் வெளியேறுகிறவர்களாலும் காலியாகும் இடங்களை முதலாண்டில் அரியர் இல்லாமல் அதிக மதிப்பெண் வாங்கியவர்களுக்குத் தரலாம் என்று இருக்கிறது. இடம் குறைவாக இருந்தால் ஏதாவதொரு அளவுகோல் வேண்டும்தான், மதிப்பெண் எளிய அளவுகோல். ஆனால் விளைவைப் பாருங்கள். சேர்ந்த பாடத்தில் நன்றாகப் படிக்கிறவருக்கு அதைவிட்டுப் போக வழி உண்டு. அந்தப் பாடம் ஒட்டவே ஒட்டாமல் தோற்கிறவருக்கு, யாருக்கு மாற்றம் மிகத் தேவையோ அவருக்கு, வழி இல்லை. சுவாமிநாதனின் அதே கும்பகோணத்தில், 1904இல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன் கணக்கைத் தவிர எதையும் தொடாமல் உதவித்தொகையை இழந்தார்; பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்கு மாறியும் எஃப்.ஏ. தேறவில்லை. அவர் இன்று பாளையத்தில் மேஜர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தால் சப்ளி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். (இதுவும் முடிவு தெரிந்த கதைதான். ஆனால் இங்கே அது ராமானுஜனுக்காகச் சொல்லப்படவில்லை. அவரைப்போலவே தோற்று, பிறகும் யாராகவும் ஆகாமல் போன ஆயிரம் பேருக்காக.)

சில ஐஐடிகள் எதிர்ப்பக்கம் போயின. முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிராஞ்ச் மாற்றும் வழக்கத்தையே அவை எடுத்துவிட்டன. மாற்றம் கிடைக்கும் என்ற ஆசையிலேயே பிள்ளைகள் முதல் வருஷம் முழுக்க ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொள்கிறார்கள் என்பது காரணம். கதவைத் திறந்துவைத்தாலும் நெரிசல், மூடிவைத்தாலும் புழுக்கம். எது நல்லது என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். மனம் புழுங்குகிறவரைவிட நெரிசலில் மிதிபடுகிறவருக்குக் குறைந்தபட்சம் வாசல் எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

காலியாகும் நாற்காலிக்கு வருவோம். இங்கேதான் எடை கூடுகிறது.

எல்லா நாற்காலியும் ஒன்றல்ல. கேரளத்தில் பல கலை அறிவியல் கல்லூரிகளில் இன்று இடங்கள் நிரம்புவதில்லை. அப்படி ஒரு வகுப்பிலிருந்து ஒருவர் எழுந்து போவதால் வெளியில் காத்திருந்த யாரும் ஏமாறவில்லை. துறைக்கு வருத்தம் இருக்கும். மாணவர் குறைந்தால் பாடவேளை குறையும், பாடவேளை குறைந்தால் ஆசிரியர் பணியிடத்துக்கே ஆபத்து வரும். யூனிவர்சிட்டி காலேஜ் மாதிரி, மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்த ஓரிடத்தில் கூடச் சிறு துறைகள் ஆண்டுதோறும் தலை எண்ணும் காலம் இது. ஆனாலும் ஒரு துறை பிழைப்பதற்காக ஒரு மாணவர் அதில் உட்கார்ந்திருக்கக் கடமைப்பட்டவர் இல்லை. தனியார் கல்லூரிகள் இதையே முரட்டுத்தனமாகச் செய்ததுண்டு: ஒரிஜினல் சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டிக்கொண்டு, மீதி வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் தருவோம் என்பது. 2018 அக்டோபரில் மானியக் குழு அதைத் தடைசெய்து, பணத்தைத் திருப்பித் தரவும் படிக்கட்டு மாதிரி ஒரு கணக்குப் போட்டது. சேர்க்கை முடியும் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை, அதற்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டிப் பதினைந்து நாள்வரை 80, முப்பது நாள்வரை 50, அப்புறம் ஒன்றுமில்லை. எழுதியவர்கள் அறநூல் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் படிக்கட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏன் போகிறாய் என்று அது கேட்கவே இல்லை. எப்போது போகிறாய் என்று மட்டும் கேட்கிறது. சீக்கிரம் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்காரலாம்.

மருத்துவக் கல்லூரியில் அது முடியாது. 1951 முதல் நடந்துவரும் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு. அதற்குப் பின் காலியாகும் இடம் காலியாகவே கிடக்கும். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி, அத்தனை காலமும். அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண்ணில் தவறியவர் இந்நேரம் மறுபடி நீட் கோச்சிங்கில் உட்கார்ந்திருப்பார், அல்லது மனமில்லாமல் நர்ஸிங்கில் சேர்ந்திருப்பார். அவர் பெயர் விலகுகிறவருக்குத் தெரியாது. அவருக்கும் இவர் பெயர் தெரியாது. முகமில்லாத ஒருவருக்கு இழைக்கும் தீங்கு மனதை அறுப்பதில்லை என்பதால்தான் அது எளிதாக நடக்கிறது. இன்னும் நல்ல கல்லூரி கிடைக்குமா என்று பார்ப்பதற்காக ஓரிடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, கடைசித் தேதி தாண்டியபின் அதை உதறுகிறவர் செய்வது தவறு. தயக்கமில்லாமல் அப்படிச் சொல்லலாம். இதே ஆள் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அதே காரணத்துக்காக விலகியிருந்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனால் கடைசித் தேதிக்குப் பிறகுதான் பிணவறையில் கால் வைக்கிறார் ஒருவர். அன்றுதான் தெரிகிறது, இது தன்னால் ஆகாதென்று. அவரை என்ன செய்வது? கேரளத்தில் அப்படி விலகுகிறவர் லட்சக்கணக்கில் இழப்பீடு கட்ட வேண்டும். அரசின் பக்கம் நியாயம் இருக்கிறது, பொதுப்பணத்தில் உருவான இடம் அது. ஆனால் அந்தத் தொகை வசதியுள்ளவருக்கு வெளியேறும் டிக்கெட், இல்லாதவருக்குச் சிறை. ஒரே தவறுக்கு ஒருவரை அபராதம் வாங்கி அனுப்பிவிட்டு இன்னொருவரை ஐந்தரை வருஷம் பூட்டிவைக்கும் தண்டனை, தண்டனை என்ற முறையிலேயே கோணலானது. தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் முதுநிலை மாணவர்களின் மன அழுத்தத்தைச் சுட்டிக்காட்டி, இப்படி இழப்பீடு கேட்டு எழுதி வாங்கும் பத்திரங்களைக் கைவிடும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பதிலாக, விலகியவரை ஓராண்டு அந்த மாநிலத்தில் சேர்க்காமல் நிறுத்திவைக்கலாம் என்றது. இது சிறிய யோசனைபோலத் தெரியும். ஆனால் பணத்தில் வாங்குவதைக் காலத்தில் வாங்குகிறது. ஓராண்டு என்பது வக்கீல் மகனுக்கும் வாழைக்காய் வியாபாரி மகனுக்கும் ஒரே பன்னிரண்டு மாதம்தான். முழுக்கச் சமமில்லை, சும்மா இருக்கும் பன்னிரண்டு மாதத்துக்குச் சோறு போட வீடு வேண்டும். இருந்தாலும் முன்னதைவிட மேல்.

ஏழைக்குத் தவறு செய்யும் உரிமை குறைவு என்பது இந்த விஷயத்தில் எங்கே தொட்டாலும் தட்டுப்படுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒரு நிபந்தனை: மாநில அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம். இன்னொன்று: ஒரு நிலையில் தேறியபின் அதே நிலையில் இன்னொரு படிப்புக்கு, பி.ஏ. முடித்து பி.காம். என்பதுபோல், உதவி கிடையாது. வங்கிக் கடனும் ஒரு படிப்பின் பெயரில்தான் தரப்படுகிறது, அதில் பெற்றோரின் கையெழுத்தும் இருக்கிறது. திட்டம் போட்டவர்களின் கவலை புரியக்கூடியது. உதவித்தொகைக்காகவே ஊர் ஊராகச் சேருகிறவர்கள் உண்டு. ஆனால் கிடைக்கும் நீதி இதுதான்: வசதியுள்ள பிள்ளை படிப்பை மாற்றினால் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தது என்கிறோம், உதவித்தொகைப் பிள்ளை மாற்றினால் விதிமீறல் என்கிறோம். சுவாமிநாதனின் தந்தை இறந்தபின்னும் பார்த்துக்கொள்ளத் தந்தையின் சகோதரர் இருந்தார், குட்டநாட்டின் மங்கொம்பில் பூர்வீக நிலம் இருந்தது. இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு மூன்று வருஷம் அவரால் செலவழிக்க முடிந்தது. அவருடைய பெருமையை இது குறைக்காது. ஆனால் அதே ஆண்டில் அதே வகுப்பில் பஞ்சச் செய்தியை அதே கலக்கத்தோடு வாசித்து, வேறு வழியில்லாமல் குமாஸ்தா வேலைக்குப் போன இன்னொரு பையன் இருந்திருந்தால் அவனுக்கு உறுதி போதவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

கையில் பணமில்லாத வீட்டிலிருந்தும் ஒருவர் மாறியதுண்டு. பிற்காலத்தில் திருவனந்தபுரத்துத் தும்பாவில் ராக்கெட் கட்ட வந்த அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடிக்கும் தறுவாயில்தான் அது தன் துறை இல்லை என்று கண்டுகொண்டதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். பொறியியலுக்கு மாறச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டுவதற்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வீட்டில் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகுவைத்தார். தன் சம்பாத்தியத்தில் அதை மீட்டுத் தருவதாகத் தம்பி உறுதி எடுத்துக்கொண்டார்.

இந்த வளையல் கதையைத் தியாகத்தின் கதையாகத்தான் சொல்கிறார்கள். அதில் இன்னொரு அம்சம் கவனிக்கப்படுவதில்லை: அக்காவுக்கு விஷயம் தெரியும். தம்பி ஒரு படிப்பை முடித்துவிட்டான், அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போகிறான், அதற்குத்தான் இந்தப் பணம் என்று தெரிந்துதான் வளையலைக் கழற்றினார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. கொடுத்தவருக்குத் தெரிந்த செலவு ஒரு வகை, தெரியாத செலவு வேறு வகை.

தெரியாத செலவுதான் இன்று அதிகம். குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வந்து படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை மாறினாலும் படிக்க வடக்கே வரும் பழக்கம் மாறவில்லை. வேதியியல் சேர்ந்தாள். சேர்ந்ததும் அவள் விருப்பத்தில் என்று சொல்ல முடியாது: இணையச் சேவை மையத்தில் பின்னால் வரிசை நிற்க, மாமா சொல்லச் சொல்ல ஆப்ஷன் கொடுத்தார்கள், நாலாவது ஆப்ஷன் அலாட்மென்டில் விழுந்தது. அம்மா சீட்டுப் போட்டு ஃபீஸ் கட்டுகிறாள். அண்ணன் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு வளைகுடாவுக்குப் போனவன். மூன்றாம் செமஸ்டரில் இவள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். பொருளியலுக்கு மாற வேண்டும் என்று ஒரு எண்ணம். எப்படி, எங்கே என்று தெளிவில்லை. சீசன் டிக்கெட் மட்டும் புதுப்பித்தபடி இருக்கிறது. காலையில் ரயில் ஏறுகிறாள், நூலகத்தில் உட்காருகிறாள், மாலையில் இறங்குகிறாள்.

அவள் வேதியியலை விட்டது தவறா? இல்லை. அண்ணன் படிக்காமல் போனதற்குப் பிரதியாக அவள் வேதியியல் படித்தாக வேண்டும் என்று ஒரு கடன் எங்கும் எழுதப்படவில்லை. கொடுத்தவனுக்கு, பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. எதற்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு, ‘உனக்காகத்தானே’ என்று தொடங்கும் எல்லா வாக்கியத்திலும் அது இருக்கிறது. ஆனால் முதல் உரிமையை அவள் தினமும் எட்டரை மணிக்கு மீறுகிறாள். ஒவ்வொரு மாதமும் அண்ணன் அனுப்புவது, அவன் மனதில் இருக்கும் ஒரு வகுப்பறைக்கு. அந்த வகுப்பறையில் அவள் இல்லை.

உடனே சொல்லிவிடு என்பது எளிய புத்திமதி. அதைச் சொல்கிறவர்கள் அவள் வீட்டையும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். பையன் டி.சி. வாங்கினால் நாலு நாள் திட்டு, ஒரு மாதம் மௌனம். பெண் டி.சி. வாங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாதகம் வெளியே வரும். படிப்பு மாறுவது படிப்பு முடிவதாக ஆகிவிடும். உண்மையைச் சொல்கிறவருக்கு அதனால் அநியாயமாகத் தண்டனை கிடைக்கும் இடத்தில், உண்மை சொல்லும் கடமை அப்படியே இருந்தாலும் அதன் நேரம் தள்ளிப்போகலாம். புதிய இடம் கைக்கு வரும்வரை வாய் மூடியிருப்பதை மன்னிக்கலாம். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்: விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், ஈக்விவலன்சி கேட்டு அலைந்திருக்க வேண்டும், காலேஜ் டிரான்ஸ்ஃபருக்கு எப்போது அறிவிப்பு வரும் என்று விசாரித்திருக்க வேண்டும். எதையும் செய்யாமல் செமஸ்டர்களைக் கடத்தும் மௌனத்துக்கு வீட்டின் கொடுமையைக் காரணம் சொல்ல முடியாது. குழித்துறைப் பெண்ணிடம் கேட்கத் தக்க ஒரே கேள்வி இதுதான்: நூலகத்தில் இத்தனை நாள் என்ன செய்தாய்?

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளை பொய் சொல்லும் வீடு பெரும்பாலும் உண்மையை விலையேற்றிவைத்த வீடு. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. யோசித்துத் தொடங்கியிருக்க வேண்டும் என்று அதைக் காட்டிப் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். தொடங்கும்போது யோசித்தது யார்? இணைய மையத்தில் மாமா. தெரிந்து செய்யவிடாமல் ஒருவரைச் செயலில் இறக்கிவிட்டு, தெரிந்து செய்யவில்லையே என்று அவரிடமே குறை சொல்வது அறநூலைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தின் 2023 குடிபெயர்வு ஆய்வின்படி ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாணவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், 2018இல் 1.29 லட்சம். இங்கே டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ பறக்கிறவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சிலர் பேசுகிறார்கள். அரசு மானியத்தில் இரண்டு வருஷம் படித்ததற்காக ஒருவர் அரசின் சொத்தாகிவிட மாட்டார். அவர்கள் விஷயத்தில் உண்மையான கவலை வீட்டுப் பத்திரம். அது ஏஜென்ட் மேசையில் என்னவாக மாறுகிறது என்பது. அங்கே ஏமாறுகிறவர் பெரும்பாலும் மாணவரே. அது வேறு கட்டுரை.

டி.சி. வாங்கும் நாள் சாதாரணமாக முடிந்துவிடும். நூலகத்தில் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் உடைத்த குடுவைக்குப் பணம் கட்டியாயிற்று, துறைத் தலைவர் கையெழுத்து, ஆபீஸில் கையெழுத்து. படிவத்தில் வெளியேறும் காரணம் என்ற இடத்தில் மேற்படிப்புக்காக என்று எழுதுவது வழக்கம். பக்கத்து வகுப்புக்கு மாறுகிறவரும் அப்படித்தான் எழுதுகிறார், படிப்பையே விடுகிறவரும் அப்படித்தான். கூடவே ஒரு நடத்தைச் சான்றிதழ் தருவார்கள். கிளார்க் தலையை நிமிர்த்தாமலே ‘நன்று’ என்று எழுதி முத்திரை குத்துவார்.

இரண்டு தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு தம்பானூரில் ரயில் ஏறினால், நெய்யாற்றின்கரை, பாறசாலை, பிறகு குழித்துறை. யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்க அதற்குள் நேரம் இருக்கிறது. அண்ணனுக்குப் போன் போட்டால் அங்கே வேலை நேரம். அம்மா ஸ்டேஷனுக்கு வந்திருப்பாள்.